நூற்று அறுபத்திரண்டு சாப்பாடு

என் அக்காவுக்கு வேலை பார்க்கிற இடத்தில் 'மறுபடி மேடம்' என்று பேர். பொத்தான், நூல், ஜிப்பு, லேஸ் எல்லாம் மொத்தமாக விற்கிற கடை அது. தையல்காரர்களும் சின்னக் கடைக்காரர்களும் போனில் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வதுதான் அவள் வேலை. பதினைந்து வருஷமாக ஒரே நாற்காலி, ஒரே மேஜை, காதுக்கும் தோளுக்கும் நடுவில் அதே ரிசீவர். யார் என்ன கேட்டாலும் முடிவில், "மறுபடி சொல்றேன், சரியான்னு பாருங்க" என்று ஆரம்பித்து, அவர்கள் கேட்டதை அவர்களுக்கே ஒப்பிப்பாள். அப்படித் திருப்பிச் சொன்னால் பாதிப் பேர், "ஐயையோ, அவ்வளவு வேணாம்மா" என்று குறைத்துக்கொள்வார்களாம். "தான் என்ன கேட்டோம்னு தன் காதால கேட்டாத்தான் மனுஷனுக்கு உறைக்குது" என்பாள்.

நான் அவளுக்கு நேர்மாறு. கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறேன். வரிசையில் நடுவே நுழைகிறவர்களை அதட்டி அதட்டி வாய் ஊருக்கு நீண்டுவிட்டது. ஒரு வீட்டை இரண்டு பேரும் சேர்ந்து வாங்கினோம். கீழே அவள் குடும்பம், மேலே நாங்கள். இது என் அக்கா ஜெயித்த கதை. கொஞ்சம் பெருமையடித்துக்கொள்ளத்தான் செய்வேன், வயிறு எரிகிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம்.

வருஷத்துக்கு ஒருமுறை, பள்ளிக்கூட விடுமுறையில், அக்காவும் அத்தானும் பையனும் பெண்ணும் வெளியூர் போவார்கள். எந்த வெளியூர்? அத்தானோடு பிறந்த மூத்த அக்கா வீடு. எல்லாருக்கும் அவர் பெரியக்கா. பஸ்ஸில் மூன்று மணி நேரம். பதினோரு வருஷமாக அதே பஸ், அதே வீடு, அதே மெத்தை. காரணம் அத்தான். குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் ரீடிங் எடுக்கிறவர். வீடு வீடாகப் போய்ச் சொட்டுச் சொட்டாக எண்ணியே பழகிப்போன மனுஷர், எச்சில் கையால் காக்கா ஓட்ட மாட்டார். நல்லவர்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர் பர்ஸைத் திறப்பதற்குள் நமக்கு நரை விழுந்துவிடும்.

"அக்கா வீட்டுக்குப் போனா ரூம் வாடகை இல்ல, சாப்பாட்டுச் செலவு இல்ல. ஓசியில லீவு கிடைக்கும்போது எவனாவது காசு குடுத்துப் போவானா?" என்பார் வருஷா வருஷம்.

ஓசியாம், ஓசி! யாருக்கு ஓசி? அந்த வீட்டில் தம்பிமார்கள் மூன்று பேரும் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். பெரியக்கா அடுப்பைப் பார்த்துக்கொள்வார், மீதி அத்தனையும் என் அக்கா தலையில். ஒரு ஓரகத்திக்கு மூச்சிரைப்பு, இன்னொருத்திக்குக் கைக்குழந்தை. கையும் காலும் நன்றாக இருப்பவள் இவள் ஒருத்தி, அது இவள் செய்த குற்றம். காலையில் வெங்காயம் உரிக்க நின்றால், மத்தியானப் பாத்திரம் கழுவி முடிக்கும்போது யாராவது வந்து, "டீ போடலாமா?" என்று கேட்பார்கள். போடலாமா என்று கேட்கிறவர்கள் ஒருநாளும் போட்டதில்லை. ஆறு நாள் கழித்து முதுகில் இரண்டு பிளாஸ்திரியோடு வந்து இறங்குவாள். போன வருஷம் என்னிடம் சொன்னாள்: "திங்கக்கிழமை கடைக்குப் போயி என் நாற்காலில உட்கார்ந்தேன் பாரு, அப்பத்தான்டி எனக்கு லீவு விட்ட மாதிரி இருந்துச்சு." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

இந்த வருஷம் விடுமுறைக்கு இரண்டு மாதம் முன்னால், நாங்கள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா வாயைத் திறந்தாள்.

"இந்தத் தடவை நாம கடலுக்குப் போகலாம்."

அத்தான் ஏதோ ஜோக் கேட்டது போலச் சிரித்தார். "கடலா? அது எங்க ஓடிப்போகுது? ரிட்டயர் ஆனப்புறம் பார்த்துக்கலாம்."

"எனக்கு நகை கேக்கல, துணி கேக்கல. வருஷத்துல ஆறே ஆறு நாள், நான் அடுப்படியில நிக்காத ஆறு நாள் வேணும். அவ்வளவுதான்."

குரலை உயர்த்தவில்லை. ஆனால் பிள்ளைகள் இரண்டும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தன. அத்தானுக்கும் ஏதோ உறைத்திருக்க வேண்டும். ஆனாலும் பிடித்த முயலுக்கு மூன்றே கால். "சரி, அக்கா வீட்டுக்கு ஆகற செலவைவிடக் கம்மியா முடிச்சுக் காட்டு. நான் வர்றேன்" என்றார். அங்கே ஆகிற செலவு பூஜ்யம் என்று அவருக்கு நினைப்பு. பூஜ்யத்துக்குக் கீழே எவளால் போக முடியும்?

"மறுபடி சொல்றேன், சரியான்னு பாருங்க. அண்ணி வீட்டுக்கு ஆகற செலவைவிட ஒரு காசாவது கம்மியா இருந்தா கடல். சரியா?"

"சரி."

"சாட்சி இவ" என்று என்னைக் காட்டினாள். எனக்குப் புரை ஏறிவிட்டது.

அப்புறம் ஆரம்பித்தாள் பாருங்கள்! போக வர நாலு பேருக்கு பஸ். வெறுங்கையோடு போகக்கூடாதென்று இரண்டு கூடைப் பழம். பெரியக்காவின் மூன்று பிள்ளைகளுக்கும் புதுத் துணி. ஓரகத்திகளின் குழந்தைகளுக்குப் பொம்மை. நடுவில் ஒருநாள் எல்லாருமாக வெளியே போனால் மூத்த தம்பி என்கிற கெத்துக்கு அத்தான் கொடுக்கிற ஐஸ்கிரீம் காசு. திரும்பி வந்ததும் முதுகுக்கு டாக்டர், பிளாஸ்திரி, மாத்திரை. துணியும் பொம்மையும் இவள் சம்பளத்தில் வாங்குவதால் அத்தான் கண்ணில் பட்டதே இல்லை. மொத்தத்தைச் சொன்னபோது அவர் கையிலிருந்த சோறு தட்டிலேயே விழுந்துவிட்டது.

"ஓசின்னு சொன்னீங்களே, இதுதான் உங்க ஓசி" என்றேன் நான். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு தனி ருசி.

ஆனால் அந்தத் தொகைக்குள் கடலைப் பார்ப்பது லேசான காரியமில்லை. அக்கா மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் லாட்ஜ் லாட்ஜாகக் கூப்பிட்டாள். விடுமுறைக் காலமாம், ஒரு ரூமுக்கு இரண்டு மடங்காம். சீசன் முடிந்து வந்தால் பாதி விலையாம். சீசன் முடிந்தால் பள்ளிக்கூடம் திறந்துவிடுமே, பிள்ளைகளை யார் தலையில் கட்டுவது? ஒரு வாரம் கழித்து முகம் தொங்கிப்போய் வந்தாள். அவளை அப்படிப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. "நான் கொஞ்சம் போடறேன்டி" என்றேன். "உன் காசுல போனா நான் ஜெயிச்சதா ஆகாது" என்றாள் பிடிவாதக்காரி.

வழி அவள் மேஜை மேலேயே இருந்தது. அவள் கடைக்குப் பொத்தான் அனுப்புகிற கம்பெனி ஒரு கடற்கரை ஊரில் இருக்கிறது. அங்கே போன் எடுக்கிற அம்மாளோடு இவளுக்கு ஒன்பது வருஷப் பழக்கம். செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் பேசுவார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. வீட்டில் நாங்கள் அவருக்குக் கடலக்கா என்று பேர் வைத்திருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை ஆர்டரைச் சொல்லிவிட்டு, அக்கா லாட்ஜ்காரர்களைப் பற்றிப் புலம்பியிருக்கிறாள்.

"கொள்ளைக்காரனுங்க" என்றாராம் கடலக்கா. "எங்க வீட்டு மாடிப்படியில உட்கார்ந்தாலே கடல் தெரியும். பேசாம இங்க வந்து இருந்துக்கங்க."

"நாங்க வந்தா நீங்க எங்க போவீங்க?"

"எங்க வீட்டுக்காரரு குளிர்ற ஊருக்குப் போகணும், கம்பளி போத்திக்கணும்னு எட்டு வருஷமா புலம்பிக்கிட்டிருக்காரு. உங்க ஊர்ல லாட்ஜ் விலை கேட்டா எங்களுக்கு இங்கயே குளிர் வந்துடுது."

எங்கள் ஊர் மலை மேல் இருக்கிறது. குளிருக்கு இங்கே பஞ்சமில்லை, வேண்டுமென்கிறவர்கள் வண்டி வைத்து அள்ளிக்கொண்டு போகலாம். அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டாளாம். பழக்க தோஷம், வாய் தானாக ஓடியிருக்கிறது.

"மறுபடி சொல்றேன், சரியான்னு பாருங்க. உங்க வீட்டுல நாங்க. எங்க வீட்டுல நீங்க. ஆறு நாள். வாடகை கிடையாது."

அப்புறம் கடலக்கா சொன்னாராம்: "சரி. பில்லு போட்டுடுங்க."

அத்தான் குதித்தார். "முன்னப்பின்ன பார்க்காதவங்களை வீட்டுக்குள்ள விடறதா? பீரோ இருக்கு, டிவி இருக்கு!"

"ஒன்பது வருஷத்துல ஒரு பொத்தான் குறைஞ்சு வந்ததில்ல" என்றாள் அக்கா. "பிறந்ததிலிருந்து நீங்க பார்த்துப் பழகின உங்க தம்பி, போன வருஷம் வாங்கிட்டுப் போன துளை போடற மெஷினை இன்னும் திருப்பிக் குடுத்தாரா?" அத்தான் எழுந்து பீரோ சாவியைத் தேடப் போனார்.

இதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் நம் ஜனங்களுக்கு ஒரு வியாதி உண்டே, வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்கிற வியாதி. கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது ஒருநாள் கீழே இறங்கிப் போகிறேன், இவள் ஸ்டூல் மேல் ஏறி நின்று சமையலறைச் சுவருக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறாள். சோபா மேல் புதுத் திரைச்சீலை, விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல். புதுத் தலையணை உறை நாலு, புது வாளி, புதுக் குவளை.

"என்னடி இது?"

"சுவரெல்லாம் எண்ணெய்க்கறை. அவங்க பார்த்தா என்ன நினைப்பாங்க?"

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ! "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு கேள்விப்பட்டிருக்கியா? லாட்ஜ் வாடகையை மிச்சம் பிடிச்சு அந்தக் காசைச் சுவத்துல பூசறியா? இதை அத்தான் கூட்டிப் பார்த்தாருன்னா நீ நேரா பெரியக்கா வீட்டு வெங்காயத்துக்குத்தான் போகணும்!"

ஸ்டூலை விட்டு இறங்கினாள். முகம் வெளுத்துவிட்டது. உண்மையிலேயே அவள் அதைச் செலவாக நினைக்கவில்லை, மரியாதை என்று நினைத்திருக்கிறாள். அப்போது எனக்கு இன்னொரு சந்தேகம் தட்டியது. "அந்தம்மா அங்க என்ன பண்ணிட்டிருக்காங்கன்னு கேளு" என்றேன். போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்ன மேடம் பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல மேடம், சும்மா" என்றார் கடலக்கா. பின்னால் டங்கு டங்கென்று சுத்தியல் சத்தம்.

"அது என்ன சத்தம்?"

"அது... பாத்ரூம்ல டைல்ஸ் மாத்தறாங்க. மெத்தையும் ரெண்டு புதுசா சொல்லியிருக்கு."

"ஏன் மேடம்?"

"நீங்க வர்றீங்கல்ல?"

அக்கா கையிலிருந்த பிரஷைப் பார்த்தாள். "நான் இங்க பெயின்ட் அடிச்சிட்டிருக்கேன் மேடம்" என்றாள். அப்புறம் அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வெடித்தது பாருங்கள், இந்தப் பக்கம் இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்து, உள்ளங்கையெல்லாம் பச்சை. இரண்டு பேரும் சிரித்து முடித்து ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். உள்ளது உள்ளபடி. ஓட்டை வாளி என்றால் ஓட்டை வாளிதான். கறை என்றால் கறைதான். அங்கே டைல்ஸ் வேலை அந்த வரிசையோடு நின்றது, மெத்தை ஆர்டர் ரத்து. இங்கே திரைச்சீலையும் உறையும் கடைக்கே திரும்பிப் போயின, வாளி மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். சமையலறைச் சுவர் இன்றைக்கும் பாதி பச்சை, பாதி எண்ணெய்க்கறைதான்.

ரயில் டிக்கெட்டையும் அவளே எடுத்தாள். வாரக் கடைசி வேண்டாம், புதன்கிழமை. வேகமான ரயில் வேண்டாம், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று நலம் விசாரித்துவிட்டுப் போகிற பகல் ரயில். அதிலும் ஒரு வகை இருக்கிறதாம்: போகாவிட்டால் பணம் திரும்பாது, தேதியையும் மாற்ற முடியாது, அதனால் மூன்றில் ஒரு பங்கு மலிவு. "நல்லா யோசிச்சுக்கங்கம்மா, ஒரு காசுகூடத் திரும்பாது" என்று கவுன்டர்காரர் எச்சரித்தாராம். "அதுதான் வேணும்" என்றாளாம் இவள். காசு மிச்சமென்று சொல்கிறாள் என்றுதான் நான் அப்போது நினைத்தேன்.

எல்லாம் கூட்டிப் பார்த்தால் பெரியக்கா வீட்டு ஓசியில் பாதிகூட ஆகவில்லை. அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. தான்தான் இந்தச் சிக்கனத்தைக் கண்டுபிடித்தது போல ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, தன் அக்காவிடமும் போனில் அளந்துவிட்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, நான் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தபோது பெரியக்கா கூப்பிட்டார். அவர் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை, அறை முழுக்கக் கேட்கும்.

"ஏம்மா, கடலோரமா வீடு கிடைச்சிருக்காமே? வாடகையும் இல்லையாம்? அப்புறம் என்ன, நாங்க அஞ்சு பேரும் வர்றோம். எப்பவும் போல எல்லாரும் ஒண்ணா இருக்கலாம். நீதான் இருக்கியே, சாப்பாட்டுக்கு என்ன கவலை?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். கடல், படிக்கட்டு, ஆறு நாள் எல்லாம் போயிற்று, இனி அங்கேயும் வெங்காயம்தான். அத்தான் அந்தப் பக்கம் நின்றுகொண்டு, சரியென்று சொல்லு, சரியென்று சொல்லு என்று தலையை ஆட்டுகிறார். எனக்குப் போனைப் பிடுங்கிக் கத்தவேண்டும் போல இருந்தது. அக்கா கண்ணைத் திறந்தாள். ரிசீவர் வைக்கிற மாதிரியே போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள்.

"மறுபடி சொல்றேன் அண்ணி, சரியான்னு பாருங்க. நீங்க அஞ்சு பேர், நாங்க நாலு பேர். ஆறு நாள். மூணு வேளை. நூத்தி அறுபத்திரெண்டு சாப்பாடு. டீ தனி. இதுல நான் ஆக்கறது ஒண்ணுகூட இல்ல."

"என்னது?"

"தாராளமா வாங்க அண்ணி. ஆனா நான் சமைக்க மாட்டேன். பாத்திரம் கழுவ மாட்டேன். நான் லீவுல போறேன்."

"அப்ப... பதினோரு வருஷமா என் வீட்டுல கஷ்டப்பட்டுட்டா இருந்தே?"

"ஆமா அண்ணி" என்றாள் என் அக்கா. அத்தனை வருஷமும் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தது. அந்தப் பக்கம் போன் துண்டிக்கப்பட்டது.

அத்தானுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. தாய் இல்லாத வீட்டில் தன்னைத் தூக்கி வளர்த்த அக்கா, அவருக்கு அது பெரிய அடிதான், அதை நான் மறுக்க மாட்டேன். "அக்காகிட்ட மன்னிப்புக் கேளு. கேக்கற வரைக்கும் நான் எங்கயும் வரல. நான் வராம நீ எப்படிப் போறேன்னு பார்க்கறேன்" என்றார்.

"கேக்க மாட்டேன். தப்பா எதுவும் சொல்லல. பிள்ளைங்களும் நானும் போறோம்" என்றாள். "உங்க டிக்கெட் பணம் மட்டும் திரும்பாது. ஒரு காசுகூட."

மூன்று நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. நாலாம் நாள் அத்தான் யாருக்கும் தெரியாமல் ஸ்டேஷனுக்குப் போய், கவுன்டரில் அரை மணி நேரம் வாதாடிவிட்டு வந்தார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தக் கவுன்டர்காரரின் மனைவி மறுநாள் கண் காட்ட வந்து என்னிடமே டோக்கன் வாங்கினார். அன்றைக்குச் சாயங்காலம் அத்தான் பரண் மேலிருந்து தன் பெட்டியை இறக்கித் துடைத்தார். "காசு வீணாகுதே, அதுக்காகத்தான்" என்றார் சுவரைப் பார்த்து. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அடிப்பாவி, அந்த டிக்கெட்டை எதற்கு எடுத்தாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பதினாறு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறாள், ஆளைத் தெரியாதா?

புதன்கிழமை அவர்கள் போனார்கள். அன்றைக்கே எதிர் ரயிலில் கடலக்கா குடும்பம் வந்து இறங்கியது. சாவி கொடுக்கிற பொறுப்பு என்னுடையது. கடலக்கா போனில் கேட்ட குரலுக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒல்லியாக, குட்டையாக இருந்தார். அவர் கணவர் வெல்டர், கதவளவு மனுஷர், ரயிலிலேயே கம்பளி போர்த்திக்கொண்டு வந்திருந்தார். "லீவுன்னா எங்க வீட்டுல இவருதான் சமையல்" என்றார் கடலக்கா சாதாரணமாக. நான் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை அக்கா கூப்பிட்டாள். பேச்சைவிட அலைச் சத்தம்தான் அதிகம். முதல் நாள் ரொட்டியும் வாழைப்பழமும் தின்றார்களாம். இரண்டாம் நாள் பெண்ணும் பையனும் சேர்ந்து முட்டையைக் கருக்கினார்களாம், அதையும் தின்றார்களாம். அத்தான் முதல் காரியமாக அந்த வீட்டு வாட்டர் மீட்டரைத் தேடிப் பார்த்து, "கசிவு இருக்கு" என்று கண்டுபிடித்து, குழாயைச் சரிசெய்து கொடுத்தாராம். அப்புறம்தான் கால்சட்டையை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாராம். "எழுந்து வர மாட்டேங்கறாருடி" என்று சிரித்தாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்துக் கேட்டு எத்தனை நாளாயிற்று! "நீ என்ன பண்றே?" என்றேன். "படியில உட்கார்ந்திருக்கேன். காலையிலிருந்து உட்கார்ந்தே இருக்கேன்" என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மூக்கை உறிஞ்சி மறைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன், வாசலில் பெரியக்கா நிற்கிறார். கையில் ஒரு பை, முகம் கடுகடுவென்று.

"என் தம்பி வீட்டுல யாரோ குடியிருக்காங்களாமே? பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

வாங்கம்மா, உங்களுக்காகத்தான் காத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். பதினோரு வருஷப் பேச்சு என் தொண்டையில் வரிசையாக நின்றது, முதல் டோக்கன் யாருக்கென்பதுதான் பாக்கி. ஆனால் அவர் நேரே உள்ளே போய்விட்டார். பின்னாலேயே போனேன்.

கடலக்கா சோபாவில் காலை நீட்டிப் படுத்து, இரண்டு கம்பளிக்குள்ளிருந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். சமையலறையில் வெல்டர் உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டிருந்தார். வந்திருப்பவர் இன்னார் என்று சொல்லிவைத்தேன். "வாங்க வாங்க" என்றார் கடலக்கா, எழுந்திருக்கவில்லை. "உட்காருங்க. அவரு உங்களுக்கும் சேர்த்துப் போடுவாரு."

பெரியக்கா உட்காரவில்லை. வறுக்கிற சத்தம் கேட்டதுமே அவர் கால் தன்னால் சமையலறைப் பக்கம் போயிற்று, கை தன்னால் வளையலை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டது. வெல்டர் கரண்டியைக் குறுக்கே நீட்டினார். "உள்ள வராதீங்கம்மா. விருந்தாளிங்களுக்கு இங்க வேலையில்ல."

திரும்பி வந்தார் பெரியக்கா. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை அவருக்கு. நாற்காலி நுனியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் வெல்டர் ஒரு தட்டைக் கொண்டுவந்து அவர் கையிலேயே கொடுத்தார். சோறு, கிழங்கு, இரண்டு முட்டை. பெரியக்கா ஒரு வாய் எடுத்து வைத்தார். அப்புறம் குனிந்த தலை நிமிரவே இல்லை. அழுகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"உப்புத் தூக்கலா இருக்கா?" என்று வெல்டர் பதறினார்.

"நல்லா இருக்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "எனக்கு ஒருத்தர் தட்டுல போட்டுக் குடுத்து எத்தனை வருஷமாச்சு தெரியுமா? லீவு வந்தா எல்லாரும் என் வீட்டுக்கு வந்தீங்க. தம்பி வந்தான், அவன் பொண்டாட்டி வந்தா, பிள்ளைங்க வந்துச்சு. நான் எங்கடி போனேன்?"

என் தொண்டையில் நின்ற வரிசை கலைந்துவிட்டது. அந்த அடுப்படியில் என் அக்கா நின்றதை மட்டும்தான் நான் இத்தனை வருஷமும் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் இன்னொருத்தியும் நின்றிருக்கிறாள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

"அப்ப ஏன் பெரியக்கா போன்ல அப்படி..."

"கடல்னதும் எனக்கும் ஆசை வந்துடுச்சு. ஆசையா இருக்குன்னு சொல்லிப் பழக்கமில்ல, வர்றோம்னு அதிகாரமாத்தான் வாய்ல வந்துச்சு" என்றார். "உங்க அக்கா சமைக்க மாட்டேன்னு சொன்னதுக்கு எனக்குக் கோவமில்ல. அவ எனக்கு முந்தி சொல்லிட்டாளேன்னுதான் கோவம்."

நான் போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டேன். நடந்ததை ஒரே மூச்சில் கொட்டினேன். பின்னால் அத்தான், "அக்காவா? அக்காவா பேசறாங்க?" என்று தண்ணீரிலிருந்து கத்துவது கேட்டது.

"போனை அண்ணிகிட்டக் குடு" என்றாள் அக்கா.

பெரியக்கா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். அக்கா கேட்டது எனக்கும் கேட்டது. "அண்ணி, அடுத்த லீவுக்கு நாங்க யாரும் உங்க வீட்டுக்கு வரல. நீங்க எங்க போறீங்க? கடலா, மலையா?"

"எதுவானா என்னம்மா" என்றார் பெரியக்கா. குரல் உடைந்திருந்தது. "சோறு ஆக்காத இடமா இருந்தா போதும்."

பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல் கடலக்கா சொன்னார்: "நூல் மில்லுல போன் எடுக்கறவ ஒருத்தி இருக்கா. ஏரிக்கரையில வீடு. திங்கக்கிழமையே கேட்டுடறேன்."

பெரியக்கா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். பழைய அதிகாரக் குரல் திரும்பி வந்துவிட்டது.

"எத்தனை ரூமு?" என்று கேட்டார்.